பார்த்த கை, பார்க்காத கை

லண்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது. போனில் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்வார்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கம், அசல் செப்புத் தகட்டு அச்சு, நானூறு ஆண்டுப் பழமை' என்று விற்பவர் எழுதியிருக்கிறார். வாங்காதே. வானம் இருக்கும் பகுதியைக் கவனி. சின்னச் சின்னப் புள்ளிகள் கட்டம் போட்டாற்போல வரிசை பிசகாமல் நிற்கின்றன. புகைப்பட முறையில் அச்சான படங்களில் பெரும்பாலும் அந்தப் புள்ளிகள் இருக்கும். செப்பில் உளியால் கை செதுக்கிய கோடு வேறு மாதிரி. மெலிதாகத் தொடங்கி, கை அழுந்தும் இடத்தில் தடித்து, மறுபடி மெலிந்து கூராக முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுவே போதும். பழைய அச்சுப்படம் சேர்ப்பவளுக்கு முதல் செலவு அதுதான்.

ஆனால் அந்தப் படம் அசலாகவே இருந்திருந்தாலும் உன்னிடம் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன். இதைச் செதுக்கியவன் அந்தக் கட்டடத்தை நேரில் பார்த்தவனா? நீ கட்டடக்கலை படிப்பவள் என்பதால் இந்தக் கேள்வி உனக்கு இன்னும் முக்கியம். இத்தனை ஆண்டுகளாக நாடக அரங்கங்களின் படங்களைத் தேடிச் சேர்த்ததில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டது இது ஒன்றைத்தான். அழகு, விலை, பழமை எல்லாம் அப்புறம். முதலில் அது சாட்சியா என்று பார்க்க வேண்டும்.

ஏன் அரங்கங்கள், அத்தை, தேவாலயங்களும் அரண்மனைகளும் இல்லையா என்று கேட்டிருந்தாய். தேவாலயம் நிற்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அரங்கம் நிற்பதில்லை. மரச் சட்டம், வர்ணம் பூசிய துணித் திரை, நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்தி, எண்ணெய் விளக்கு, இவற்றுக்கு நடுவில் ஆயிரக்கணக்கான ஜனம். லண்டன் ட்ரூரி லேனில் ஒரே மனையில் 1663 முதல் இன்றுவரை நான்கு அரங்கங்கள் எழுந்திருக்கின்றன. இப்போது இருப்பது நான்காவது. கோவென்ட் கார்டனில் மூன்று. குதிரை வித்தைக்குப் பேர்போன ஆஸ்ட்லியின் அரங்கம் 1794, 1803, 1841 என மூன்று முறை எரிந்தது. கட்டியவர்களின் கணக்குப் புத்தகம்கூடப் பல நேரங்களில் கட்டடத்தோடு சாம்பலாகிவிடும். மிஞ்சுவது யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்து, இன்னொருவர் செப்பில் இறக்கி, கடையில் விற்ற ஒரு தாள். அதனால்தான் அந்தத் தாள் சொல்வது மெய்யா என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

குளோப்பையே எடுத்துக்கொள். உனக்கு விற்கப் பார்த்த படம் க்ளாஸ் விஷர் என்ற டச்சுக்காரர் 1616இல் வெளியிட்ட லண்டன் காட்சியிலிருந்து எடுத்த ஒரு துண்டு. தேம்ஸ் நதியை முன்னால் வைத்து நகரம் முழுவதையும் நீளவாக்கில் விரித்த மிக அழகான படம் அது. அதில் குளோப் உயரமான எண்கோணக் கோபுரம் போல நிற்கிறது. அதைப் பார்த்துத்தான் எத்தனையோ ஷேக்ஸ்பியர் புத்தகங்கள் குளோப்பை எண்கோணமாகவே காட்டின. விஷர் அதைச் செதுக்கியது ஆம்ஸ்டர்டாமில். அவர் லண்டனுக்கு வந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பிறர் வரைந்த பழைய படங்களை வைத்துச் செய்தார் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். முதல் குளோப் 1613 ஜூன் 29 அன்று, எட்டாம் ஹென்றி நாடகத்தில் வெடித்த பீரங்கிப் பொறி கூரையில் பற்றி எரிந்துபோனது. அடுத்த ஆண்டே இரண்டாவது எழுந்துவிட்டது. 1616இல் வெளிவந்த படமோ எரிந்துபோன பழையதைத்தான், அதையும் கேள்விப்பட்ட வடிவில் காட்டுகிறது.

இப்போது வென்செஸ்லாஸ் ஹாலரைப் பார். ப்ராக் நகரில் 1607இல் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். சௌத்வர்க் தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறி நின்று, கீழே தெரிந்த கூரைகளையும் நதியையும் தாளில் வரைந்துகொண்டார். முதலில் பென்சில், அதன் மேல் மை. அந்தத் தாள் இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் பத்திரமாக இருக்கிறது. பிறகு உள்நாட்டுப் போர் வந்தது. 1642இல் நாடாளுமன்றம் அரங்கங்களைப் பூட்டியது. ஹாலர் ஊரை விட்டு ஆன்ட்வெர்ப் போனார். அங்கே உட்கார்ந்து அந்த ஓவியத்தைத் தகடுகளில் செதுக்கி, 1647இல் 'லாங் வியூ' என்று அறியப்படும் நீண்ட லண்டன் காட்சியை வெளியிட்டார். குளோப் பூட்டப்பட்டு அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த அச்சுப்படத்தில் ஒரு பெரிய பிழை உண்டு. இரண்டு வட்டக் கட்டடங்களின் பெயர்கள் மாறிப்போயின. கரடிகளை நாய்களோடு மோதவிடும் கூடத்தின் மேல் 'குளோப்' என்றும், குளோப்பின் மேல் அந்தக் கூடத்தின் பெயரும் விழுந்துவிட்டது. ஊரை விட்டு வந்து தொலைவில் வேலை செய்தவருக்குப் பெயர் பிசகியிருக்கலாம். உருவம் பிசகவில்லை. ஜான் ஓரல் என்ற நாடக வரலாற்று அறிஞர் ஹாலரின் பென்சில் தாளை எடுத்து, அதில் தெரியும் மற்றக் கட்டடங்களின் உண்மையான இடங்களோடு ஒப்பிட்டு அளந்தார். ஹாலர் கண்மதிப்பில் வரையவில்லை, கோணம் காட்டும் ஒரு சட்டகத்தின் வழியாகப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று காட்டினார். அந்தக் கணக்கின்படி குளோப்பின் விட்டம் சுமார் 100 அடி. பிறகு 1989இல் சௌத்வர்க்கில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது குளோப்பின் அடித்தளத்தில் ஒரு சிறு பகுதி கிடைத்தது. அதுவும் எண்கோணத்துக்கு இடம் தரவில்லை. இருபது பக்கம் உள்ள, ஏறக்குறைய வட்டமான கட்டடம் என்ற முடிவுக்கே கொண்டுபோனது. இன்று தேம்ஸ் கரையில் 1997இல் திறந்த குளோப் அந்த வடிவில்தான் நிற்கிறது. அதைக் கட்ட ஆண்டுக்கணக்கில் போராடிய நடிகர் சாம் வானமேக்கர் 1993இல் இறந்துவிட்டார், முடிந்த கட்டடத்தைப் பார்க்கவில்லை.

அந்த முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட் எடுத்து நான் நாடகம் பார்ப்பேன். சுற்றி எழும் மூன்று அடுக்கு மர மாடங்களைப் பார்க்கும்போதெல்லாம் கோபுரத்தில் நின்று வரைந்த ஒருவரின் கையை நினைத்துக்கொள்வேன். பெயரைத் தவறாக எழுதினாலும் பார்த்ததை ஒழுங்காக வரைந்தவர், 350 ஆண்டு கழித்து ஒரு கட்டடம் எழும்ப உதவியிருக்கிறார். விஷரின் படத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்க முடியாது.

சரி, பார்த்த கையா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. பெரும்பாலும் இடது ஓரத்தில் வரைந்தவர் பெயர், வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயர், நடுவில் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் தேதியும் இருக்கும். ஆங்கிலேய அச்சுப்படங்களில் தேதி இவ்வளவு ஒழுங்காக இருப்பதற்குக் காரணம் ஹோகார்த். தன் படங்களைக் கள்ள அச்சடித்து விற்றவர்களால் நொந்துபோன அந்த ஓவியரும் அவர் நண்பர்களும் முயன்று பெற்ற சட்டம் 1735இல் நடைமுறைக்கு வந்தது. தகட்டில் வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் செதுக்கியிருந்தால்தான் பாதுகாப்பு என்றது அது. ஓவியர்களின் வயிற்றுப்பாட்டுக்காக வந்த சட்டம் நமக்கு ஒரு பெரிய கொடையாக ஆகிவிட்டது. வரைந்தவர் பெயரும் தேதியும் கிடைத்துவிட்டால், அந்தத் தேதியில் அந்தக் கட்டடம் இருந்ததா, அந்த ஆள் அந்த ஊரில் இருந்தாரா என்று தேடிப் பார்க்கலாம். கடைக்காரர்கள் சிலர் படத்துக்குச் சட்டகம் போடும்போது இந்த அடிவரியை வெட்டிவிடுவார்கள். அப்படி வெட்டிய படம் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஏணிப்படி போல நெருக்கமான கோடுகள் தெரிந்தால் பழைய முறைத் தாள். வழுவழுவென்று சீராக இருந்தால் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வாட்மன் ஆலையில் தொடங்கிய புது முறை. 1790களிலிருந்து பல ஆங்கிலேயத் தாள்களில் ஆலைப் பெயரோடு ஆண்டும் நீர்க்குறியாக இருக்கும். தகட்டில் 1808 என்றும் தாளில் 1825 என்றும் இருந்தால் அது பின்னாளில் எடுத்த பிரதி. பொய் அல்ல, ஆனால் முதல் பிரதியின் விலை கொடுக்காதே. செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் தேயும். சில நூறு பிரதிகளுக்குப் பின் நிழல்கள் வெளுத்துவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற ஜெர்மானியர் லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் அச்சுப்படக் கடை வைத்திருந்தார். அவர் 1808 முதல் 1810 வரை மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிட்டு, மூன்று தொகுதிகளாக முடித்த புத்தகம் 'மைக்ரோகாஸம் ஆஃப் லண்டன்'. மொத்தம் 104 வண்ணப் படங்கள். சந்தை, சிறை, நீதிமன்றம், ஆஸ்பத்திரி, தேவாலயம் எல்லாம் அதில் உண்டு. அரங்கங்களும் உண்டு. ஆக்கர்மன் செய்த புத்திசாலித்தனம், ஒரு படத்துக்கு இரண்டு ஓவியர்களை வைத்தது. பிரான்சிலிருந்து வந்த அகஸ்டஸ் சார்ல்ஸ் ப்யூஜின் கட்டடத்தை வரைவார். தூண், வளைவு, மாடத்தின் ஆழம் எல்லாம் அளவு மாறாமல் வரும். தாமஸ் ரௌலண்ட்சன் அதில் ஜனங்களை நிரப்புவார். கனத்த உடம்பு, நீட்டிய கழுத்து, மாடத்தில் தொற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கிற முகம், எல்லாம் அவர் கை. கட்டடத்தை மட்டும் வரைந்திருந்தால் அது வெறும் வரைபடம். ஜனங்களை மட்டும் வரைந்திருந்தால் கேலிச் சித்திரம். இரண்டும் சேர்ந்தபோதுதான் அரங்கம் என்றால் என்ன என்பது தாளில் வந்தது. ஜனங்கள் உட்கார்ந்தால்தானே அரங்கத்தின் அளவே தெரியும்! உன் வகுப்பில் வரையும் கட்டடங்களில் மனிதர்களை ஒப்புக்கு ஒட்டுகிறார்கள் என்று நீ ஒருமுறை குறைபட்டுக்கொண்டாயே, உனக்கு இந்தப் படங்கள் உடனே பிடித்துவிடும்.

இவை அக்வாடின்ட் முறையில் ஆனவை. தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசின் பொடியைத் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, பிறகு அமிலத்தில் இறக்குவார்கள். பொடிக்கு நடுவே இருக்கும் இடுக்குகளை மட்டும் அமிலம் அரிக்கும். லென்ஸில் பார்த்தால் மெல்லிய வலைப்பின்னல் போலத் தெரியும், அச்சிட்டால் நீர்வண்ணம் பூசிய நிழல் போல விழும். அதன் மேல் வண்ணக்காரர்கள் ஒவ்வொரு தாளிலும் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால் ஒரு பிரதி போல இன்னொன்று அச்சு அசலாக இருக்காது.

இந்தப் படங்களை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம் அவற்றின் தேதி. கோவென்ட் கார்டன் அரங்கத்தின் உள்பக்கமும் ட்ரூரி லேன் அரங்கத்தின் உள்பக்கமும் 1808இல் வெளிவந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 20 அதிகாலையில் கோவென்ட் கார்டன் எரிந்தது. தீயணைக்கப் போனவர்கள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இசைமேதை ஹேண்டல் அந்த அரங்கத்தில் விட்டுப்போன ஆர்கன் வாத்தியமும் போனது. ஐந்தே மாதம் கழித்து, 1809 பிப்ரவரி 24 இரவில், ட்ரூரி லேனும் எரிந்தது. அது ஹென்றி ஹாலண்ட் வடிவமைத்து 1794இல் திறந்த பிரம்மாண்டமான அரங்கம். 3,600 பேருக்கு மேல் உட்காரலாம். திறப்பு விழாவிலேயே இரும்புத் திரையை இறக்கிச் சுத்தியலால் தட்டிக் காட்டினார்கள். பிறகு திரையைத் தூக்கி, மேடையில் தண்ணீர் நிரப்பிப் படகு ஓட்டி, இனி நெருப்புக்கு இங்கே வேலை இல்லை என்று ஜனங்களுக்கு உறுதி சொன்னார்கள். அந்த அரங்கம் பதினைந்து ஆண்டுதான் நின்றது. அதன் உரிமையாளர் ஷெரிடன் நாடாளுமன்றத்தில் இருந்தபோது ஜன்னல் வழியாக வானம் சிவந்தது தெரிந்ததாம். அவருக்காகச் சபையை ஒத்திவைக்கலாம் என்று சொன்னபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அந்த இழப்பிலிருந்து அவர் மீளவே இல்லை.

யோசித்துப் பார். பேச்சு நாடகம் நடத்த அரச உரிமை பெற்ற லண்டனின் இரண்டு பெரிய அரங்கங்கள். இரண்டுக்குள்ளும் ப்யூஜினும் ரௌலண்ட்சனும் போய் வரைந்துவிட்டு வந்த கையோடு இரண்டும் இல்லாமல் போகின்றன. எரியப்போகிறது என்று தெரிந்து அவர்கள் வரையவில்லை. மாதத் தவணைக்குப் படம் கொடுக்க வேண்டுமே என்று வரைந்தார்கள். அந்த அன்றாட வேலையின் நேர்மைதான் என்னை உருக்குகிறது. மூன்றாம் தொகுதி முடிவதற்குள் ராபர்ட் ஸ்மர்க் கட்டிய புதிய கோவென்ட் கார்டன் திறந்துவிட்டது. அதையும் வரைந்து சேர்த்தார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1809இல் ஜனங்கள் ஏன் 67 இரவுகள் அரங்கத்துக்குள்ளேயே கலகம் செய்தார்கள் என்பது புரியும். டிக்கெட் விலை ஏற்றம் ஒரு காரணம். பணக்காரர்களுக்குத் தனிப் பாக்ஸ்கள் கூடிவிட்டதும், உச்சியில் ஏழைகள் உட்காரும் இடம் புறாக்கூடு போல ஒடுங்கி நடிகரின் கால் மட்டும் தெரிந்ததும் இன்னொரு காரணம். கட்டடம் யாரை எங்கே உட்காரவைக்கிறது என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, பாப்பா. நிர்வாகி கெம்பிள் கடைசியில் ஜனங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அதே தொகுதிகளில் ஆஸ்ட்லியின் குதிரை வளையமும் சாட்லர்ஸ் வெல்ஸின் தண்ணீர் மேடையும் இருக்கின்றன. பக்கத்தில் ஓடிய நியூ ரிவர் கால்வாயிலிருந்து நீரைக் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பி, 1804 முதல் அங்கே கடற்போர் நாடகம் போட்டார்கள். என்னிடம் இருப்பது ஆஸ்ட்லி மட்டும்தான். நீ வரும்போது பார்க்கலாம்.

எல்லாப் புகழ்பெற்ற படமும் இப்படி நம்பத்தக்கது இல்லை. ராபர்ட் வில்கின்சன் என்ற பதிப்பாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் பழைய கட்டடங்களைத் தேடித் தேடி வெளியிட்டார். அவருடைய 'லண்டினா இல்லஸ்ட்ராட்டா'வில் வேறெங்கும் கிடைக்காத சிறிய அரங்கங்கள் கிடைக்கும். அந்த வகையில் நான் அவருக்குக் கடன்பட்டவள். ஆனால் அவர் 'ரெட் புல் அரங்கத்தின் உட்புறம்' என்று வெளியிட்ட படம், 1662இல் வந்த 'தி விட்ஸ்' என்ற புத்தகத்தின் முகப்புப் படத்தைப் பார்த்துச் செய்தது. அதில் மேடைக்கு மேலே கிளைவிளக்கு தொங்குகிறது, மேடை விளிம்பிலும் விளக்கு எரிகிறது. ரெட் புல்லோ வானம் பார்த்த முற்றம் கொண்ட அரங்கம். இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. இருந்தும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு பல தலைமுறை வாசகர்களைத் தவறான கட்டடத்தை நம்பவைத்தது. ஹாலரிடம் பெயர் தவறினாலும் படம் மெய்யாக நின்றது. இங்கே பெயர்தான் படத்துக்கு இல்லாத தகுதியைக் கொடுத்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் உனக்கு வேறு பாடம் வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, எல்கானா செட்டிலின் 'மொராக்கோ பேரரசி' நாடகம் 1673இல் அச்சானபோது வில்லியம் டோல் என்பவர் செதுக்கிய படங்களோடு வந்தது. அந்த நாடகம் நடந்த டார்செட் கார்டன் அரங்கத்தின் முகப்பும் மேடையும் அதில் இருக்கின்றன. 1671இல் திறந்த அந்த அரங்கத்தை 1709இல் இடித்துவிட்டார்கள். இன்று அந்த மேடையைப் பற்றிப் பேசும் யாரும் டோலின் படங்களைத் தொடாமல் பேச முடியாது. நாடகப் புத்தகத்தோடு வந்த சில தாள்கள் ஓர் அரங்கத்தையே காப்பாற்றி வைத்திருக்கின்றன.

நம் நாட்டுப் பக்கமும் ஒரு நல்ல சாட்சி உண்டு. தாமஸ் டேனியல் கல்கத்தாவில் தங்கி, 1786 முதல் 1788 வரை அங்கேயே செதுக்கி வெளியிட்ட பன்னிரண்டு நகரக் காட்சிகளில் ஒன்றில் பழைய கோட்டையோடு ஆங்கிலேயர்களின் நாடக அரங்கமும் தெரிகிறது. இந்தியாவில் இருந்த ஒரு நாடகக் கட்டடம், அதே ஊரில் இருந்தவர் கையால், அதே ஊரில் அச்சானது. அந்தப் படத்தை வாங்க என்னால் முடியாது. அருங்காட்சியகத்தில் பார்த்து நிறைவு கொள்கிறேன்.

நீ எங்கே தொடங்கலாம்? எஃகுத் தகட்டுப் படங்களில் தொடங்கு. 1820களில் எஃகில் செதுக்கும் முறை பரவியது. எஃகு எளிதில் தேயாது, ஆயிரக்கணக்கில் அச்சிடலாம். அதனால்தான் இன்றும் மலிவு. 1827 முதல் வந்த 'மெட்ரோபாலிட்டன் இம்ப்ரூவ்மென்ட்ஸ்' புத்தகத்துக்காக தாமஸ் ஹோஸ்மர் ஷெப்பர்ட் தெருத்தெருவாக நடந்து வரைந்த லண்டன் காட்சிகளைத் தேடு. ஒரு நாடக டிக்கெட்டின் விலையைவிடக் குறைவாகவே ஒன்று கிடைத்துவிடும். ஜான் நாஷ் கட்டி 1821இல் திறந்த ஹேமார்க்கெட் அரங்கத்தின் ஆறு தூண் முகப்பு இன்றும் அப்படியே நிற்கிறது. ஷெப்பர்டின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்று ஒவ்வொரு தூணாக நீயே சரிபார்க்கலாம். ஒரு ஓவியரின் கண்ணை எவ்வளவு நம்பலாம் என்று அளக்க அதைவிட நல்ல பயிற்சி இல்லை. நிற்கும் கட்டடத்தில் அவர் மெய் சொன்னால், இடிந்த கட்டடத்திலும் நம்பலாம்.

1842இல் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' வார இதழின் மரச்செதுக்குப் படங்களும் கைக்கு எட்டும் விலைதான். சிறு சிறு மரக்கட்டைகளைத் திருகாணியால் இணைத்து, ஆளுக்கொன்றாகப் பிரித்துச் செதுக்கி, மறுபடி சேர்த்து அச்சிட்டார்கள். லென்ஸில் பார்த்தால் இணைப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு சில படங்களில் தெரியும். ஸ்மர்க்கின் கோவென்ட் கார்டன் 1856 மார்ச் 5 அதிகாலையில், மந்திர வித்தைக்காரர் ஒருவர் வாடகைக்கு எடுத்து நடத்திய முகமூடி நடனம் முடியும் நேரத்தில் எரிந்தது. அந்தத் தீயை அந்த இதழ் படமாகத் தந்தது. ஆனால் அவசரத்தில் செய்தவை இவை, சம்பவத்துக்கு நல்ல சாட்சி, அளவுக்கு அல்ல.

வாங்கியதைக் காப்பது பற்றிக் கொஞ்சம். நம் ஊர் ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் பழைய தாள் தாங்காது. அமிலம் இல்லாத அட்டை உறையில் படுக்கவைத்து வை. செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதே. சட்டம் போட்டால் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, வெயில் படும் சுவரில் மாட்டக்கூடாது. கைவண்ணம் ஒருமுறை வெளுத்தால் திரும்பாது. பழுப்புப் புள்ளி இருந்தால் இருக்கட்டும், வெளுக்க வைக்கிறேன் என்று யாரிடமும் கொடுக்காதே.

ஜூனில் நீ இங்கே வரும்போது செசில் கோர்ட் சந்துக்கு ஒரு நாள் அழைத்துப் போகிறேன். இரண்டு பக்கமும் பழைய புத்தகம், பழைய அச்சுப்படக் கடைகள். ஆனால் அதற்கு முன்னால் பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சுப்பட வாசிப்பறைக்குப் போவோம். முன்கூட்டி எழுதி நேரம் வாங்கினால் இலவசமாகவே அசல் படங்களை மேசையில் எடுத்துவைப்பார்கள். நல்ல பிரதி எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் கடையில் யாரும் உன்னை ஏமாற்ற முடியாது.

கடைசியாக ஒன்று, இதைத்தான் உன்னிடம் மனம்விட்டுக் கேட்கிறேன். முழுப் புத்தகமாக இருக்கும் 'மைக்ரோகாஸம்' போன்ற தொகுதிகளை வாங்கி, கட்டைப் பிரித்து, படங்களைத் தனித்தனியாக விற்பது பல காலமாக நடக்கிறது. தனிப் படங்களாக விற்றால் கூடுதல் பணம். முன்பே பிரிந்துபோன தாளை வாங்குவதில் பிழையில்லை. என்னிடம் இருப்பவையும் அப்படி வந்தவைதான். ஆனால் முழுப் புத்தகத்தை உன் கண்முன் பிரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அது எவ்வளவு ஆசைப்பட்ட படமாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

காப்ரியேல் என்தோவன் என்ற பெண்மணி நாடகச் சுவரொட்டிகளையும் படங்களையும் சேர்த்து, இவற்றுக்குத் தேசத்தில் ஓர் இடம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடி, 1924இல் தன் சேகரிப்பு முழுவதையும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் 1950இல் இறக்கும்வரை அதை வளர்த்தார். மேண்டர், மிட்சன்சன் என்ற இரண்டு நடிகர்கள் வீடு நிறையச் சேர்த்தவை இன்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. என்னுடையது அவற்றின் பக்கத்தில் மிகச் சிறியது. ஆனாலும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எங்கே வாங்கினேன், யார் வரைந்தது, எந்தப் பிழையைக் கண்டேன் என்று ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு அவை உன்னிடம் வரும். உனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள். மற்றவற்றைச் சீட்டுகளோடு சேர்த்து, பிரிக்காமல், கேட்பவர்களுக்குக் காட்டும் ஏதாவது ஒரு நூலகத்துக்கோ கல்லூரிக்கோ கொடுத்துவிடு. உன் கல்லூரியே வாங்கிக்கொண்டால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. இப்போதே உன் ஆசிரியர்களிடம் கேட்டு, பதில் எழுது.

அன்புடன்,
உன் அத்தை